"வைன்லைட்" என்னும் சாக்ஸபோன் இசைத்தட்டு

கேட்டற்கு எளிதாய் இருப்பது ஓர் இசைக்குப் பெருமையோ, சிறுமையோ? இவ்வினா பொழுதுபோக்கிற்கு எழுந்த வினாவன்று. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெளிவந்த ஓர் இசைத்தட்டைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இது தவறாது முன்வந்து நிற்கிறது. அத்தட்டின் பெயர் "வைன்லைட்". அதனை வாசித்தவர் குரோவர் வாஷிங்டன் ஜூனியர் என்னும் சாக்ஸபோன் வித்துவான். பெயரிலுள்ள மதுவைக் கண்டு நம் வாசகருள் ஒருசாரார் முகஞ்சுளித்தல் வேண்டா. தட்டினுள் இருப்பது பெரும்பாலும் ஒளியே. பிற்காலத்தில் "ஸ்மூத் ஜாஸ்" என்று வழங்கலான மெல்லிய ஜாஸ் இசைக்கு அடிகோலிய தட்டுக்களுள் இது தலையாயது என்பர். அவ்வகையிசையைப் பொருட்படுத்தாதவர்களும் இதனைப் புறக்கணித்தல் எளிதன்று. எனவே, இதனை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு, சற்று நிதானித்து ஆராய முற்படுகிறோம்.

முதற்கண் கருவியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பெல்ஜிய நாட்டில் 1814ஆம் ஆண்டில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர், பாரிஸ் நகரில் 1846இல் உரிமைப்பத்திரம் பெற்ற வாத்தியமே சாக்ஸபோன். உடல் பித்தளையாயினும், இது எக்காளத்தின் இனத்தைச் சேர்ந்ததன்று. ஊதுமுகத்தில் ஒற்றை நாணற் சீவாளி பொருத்தப்பட்டு, அதன் அதிர்ச்சியினாலேயே நாதம் பிறத்தலின், இது மரத் துளைக்கருவிகளின் இனமாகவே எண்ணப்படுகிறது. நம் நாகசுரத்தின் சீவாளி இரட்டை, இதனது ஒற்றை. ஆனால், நாகசுரத்தைப் போலவே இதன் குழலும் மேலிருந்து கீழ்நோக்கிச் சிறிது சிறிதாக அகன்று செல்வது. இதனால் விளையும் பயன் யாதெனின், ஊதும் விசையை மாற்றின் ஒலி நேரே மேல்ஸ்தாயியின் அதே சுரத்துக்கு ஏறும். உருளைக் குழலுடைய கிளாரினெட்டோ அவ்வாறன்றி, ஸ்தாயியையும் கடந்து பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும்.

வாசிப்பவன் உதட்டின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும், விரலை மாற்றாமலே சுரத்தை மேலும் கீழும் வளைக்கலாம்; சறுக்கலாம்; தேய்க்கலாம். மனிதக் குரலுக்கு மிக அணுகிய வாத்தியமென்று இதனைப் பலரும் கூறுவதன் காரணம் இதுவே. நம் நாட்டில் கத்ரி கோபால்நாத் அவர்கள் (1949 - 2019) இதே கருவியிற் கருநாடக இசையைக் கமகங்களோடு வாசித்துக் காட்டினமையைப் பலர் நேரிற் கேட்டிருப்பர். அவர் தந்தையார் நாகசுர வித்துவான் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

சாக்ஸபோன் பல அளவின. மேற்குரலுடையது சொப்ரானோ, அடுத்தது ஆல்டோ, அதனினும் கனத்தது டெனர், அடிக்குரலுடையது பாரிடோன். ஒருவர் ஒன்றிலோ இரண்டிலோ தேர்ச்சி பெறுவதே வழக்கம். வாஷிங்டன் இந்நான்கினையும் தம் வாழ்நாளிற் கையாண்டவர்.

நிற்க. அவர் நியூயார்க் மாகாணத்துப் பஃபலோ நகரில் 1943 டிசம்பர் 12ஆம் நாளிற் பிறந்தார். தந்தையாரும் சாக்ஸபோன் வாசிப்பவர். தாயார் தேவாலயப் பாடகர் குழுவிற் பாடியவர். இவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். கருவிப் பயிற்சி ஒருபுறம் வந்தது. மற்றொருபுறம், கறுப்பின மக்களின் ஆலயங்களில் ஒருவர் முன்னே பாட மற்றையோர் மறுமொழி பாடும் முறையும், ஒரு சொல்லை நீட்டி, உருக்கி, உடைத்துப் பாடும் முறையும் செவிவழியே வந்து சேர்ந்தன. "ஸோல்" என்று அமெரிக்கர் வழங்கும் இசையின் உயிர்நிலை அதுவே. அச்சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். ஆலயப் பாட்டின் உருக்கமும் ப்ளூஸ் பாட்டின் துயரமும் கலந்து, உலகியல் பொருளைப் பாடத் தொடங்கியபோது எழுந்தது அது. வாஷிங்டன் ஜாஸ் வித்துவானாயினும் அவர் வாசிப்பின் இலக்கணத்தை ஜாஸ் நூல்களில் மட்டும் தேடுவார்க்கு அது முழுதும் அகப்படாது.

1960ஆம் ஆண்டுகளில் அவர் படையிற் சேர்க்கப்பட்டு, அங்கே பில்லி காபம் என்னும் முழவுக் கலைஞரோடு நட்புற்றார். அந்நட்பினால் நியூயார்க் வித்துவான்களின் அறிமுகம் கிடைத்தது. 1967இல் ஃபிலடெல்ஃபியா நகரிற் குடியேறினார். இறுதிவரை அதுவே அவர் ஊராயிற்று. சில ஆண்டுகள் சார்ல்ஸ் எர்லண்டு, ஜானி ஹாமண்டு முதலிய ஆர்கன் வித்துவான்களுக்குப் பக்கவாத்தியக்காரராய் இருந்தார்.

1971இல் நிகழ்ந்ததைத் தற்செயல் என்பதா, நல்வாய்ப்பு என்பதா? கிரீட் டெய்லர் என்பவர் தம் "குடு" என்னும் இசைத்தட்டு நிலையத்தின் பொருட்டு, ஹாங்க் கிராஃபர்டு என்னும் ஆல்டோ வித்துவானைக் கொண்டு ஒரு தட்டுப் பதிவுசெய்ய ஏற்பாடு செய்திருந்தார். கிராஃபர்டு வர இயலவில்லை. பக்கவாத்தியங்கள் ஆயத்தமாயிருந்தன, பாப் ஜேம்ஸ் எழுதிய இசையமைப்பும் ஆயத்தமாயிருந்தது. அவ்விடத்தில் வாஷிங்டனை நிறுத்தினர். அவருக்கு மிகப் பழகியது டெனர். எனவே ஆல்டோவை வாடகைக்கு வாங்கி வாசித்தார் என்பர். அவ்வாறு பிறந்ததே "இன்னர் ஸிட்டி ப்ளூஸ்". மார்வின் கே அவ்வாண்டே பாடிய பாட்டொன்றின் பெயரையே அது தாங்கி நின்றது. பிறருக்காக வெட்டிய சட்டையை அணிந்து கொண்டவர், அது தமக்கே அளவெடுத்ததென்று ஊரார் எண்ணும்படி நடந்துகாட்டினார். 1975இல் வெளிவந்த "மிஸ்டர் மாஜிக்" அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் 10ஆம் இடத்தை எட்டியது. ஜாஸ் தட்டொன்றுக்கு இது எளிதிற் கிட்டும் இடமன்று.

இனி நம் பாடத்துக்கு வருவோம். "வைன்லைட்" 1980ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் நியூயார்க்கில் பதிவுசெய்யப்பட்டு, எலெக்ட்ரா நிலையத்தாரால் வெளியிடப்பட்டது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு உருப்படிகள். மொத்தம் ஏறத்தாழ 40 நிமிஷம். தயாரித்தவர்கள் வாஷிங்டனும் ரால்ஃப் மக்டானல்டும் ஆவர். இம்மக்டானல்டு நியூயார்க்கின் ஹார்லெமிற் பிறந்தவரேனும், பெற்றோர் ட்ரினிடாட் தீவினர். கைம்முழவுகளிலும் சிறு தாளக்கருவிகளிலும் வல்லவர். ட்ரம் வாத்தியம் ஸ்டீவ் காட். கிதார் எரிக் கேல். மின்சாரப் பியானோ ரிச்சர்டு டீ. தாழ்சுரக் கிதாராகிய பேஸை வாசித்த மார்க்கஸ் மில்லருக்கு அப்போது வயது 21.

மாணவர் முதலில் செய்யத்தக்கது ஒன்று: முதற்றடவை கேட்கும்போது சாக்ஸபோனைக் கேளாதிருத்தல்! இது விந்தையான அறிவுரையாய்த் தோன்றலாம். ஆயினும், இத்தட்டின் இனிமையை மேலோட்டமாய்க் கேட்டு ஒதுக்குவோர் பெரும்பாலும் மேலே மிதக்கும் இராகத்தை மாத்திரமே கேட்டவராவர். அடியில் நிகழ்வதைக் கேட்க. தலைப்பு உருப்படியாகிய "வைன்லைட்", வில்லியம் ஈட்டன் இயற்றியது. அதில் மில்லர் பேஸின் நரம்பைச் சில இடங்களில் பெருவிரலால் அறைந்தும், சில இடங்களில் சுண்டியும், பல இடங்களில் சும்மா விட்டும் வாசிக்கிறார். சும்மா விடுவதே அரிது. காட் ட்ரம்மில் அடிப்பவை சில; அடிக்காமல் விட்டு நம்மை எதிர்பார்க்கச் செய்பவை பல. மின்சாரப் பியானோவின் உள்ளே நரம்புகள் இல்லை. சிறு சுத்திகள் உலோகக் கம்பிகளைத் தட்ட, அவ்வதிர்ச்சி மின்சாரத்தால் ஒலியாக்கப்படுகிறது. ஆதலின் அதன் ஓசை மணியோசையை ஒத்து, விளிம்பு மழுங்கியதாய் இருக்கிறது. சாக்ஸபோனின் நாணலொலிக்கு விளிம்பு உண்டு. மழுங்கிய ஓசைகளை விரித்து, அவற்றின்மேல் விளிம்புடைய ஓசை ஒன்றை நடக்கவிடுவதே இத்தட்டின் ஒலியமைப்பு. மென்மையெல்லாம் தரையில் உள்ளது. நடப்பவர் பாதம் மென்மையானதன்று.

இரண்டாம் முறை சாக்ஸபோனைக் கேட்க. வாஷிங்டன் ஓர் இசைச்சொற்றொடரைச் சொல்லி நிறுத்துவார். நிறுத்தத்தில் பியானோவோ கிதாரோ மறுமொழி கூறும். பிறகு அதே சொற்றொடரை ஒரு சுரம் மாற்றிச் சொல்வார். மூன்றாம் முறை அதனை மேலே தூக்கிச் சற்றே கரகரப்பாக்கி உடைப்பார். இஃது ஆலயத்திற் கேட்ட முறையே. வேகத்தைக் காட்டும் சுரக்கோவைகளும் அங்கங்கே உண்டு. ஆயினும் அவை வாக்கியத்தின் நடுவே வரும் அடைமொழி போல வந்து நீங்கும். தமக்கு இவ்வளவு தெரியும் என்று காட்டும் ஆசையை அடக்கியவர் வாசிப்பு இது. எழுத்துத் துறையில் புகும் மாணவர்க்கும் இது கருதத்தக்கதென்று துணிந்து கூறுவோம்.

இரண்டாம் உருப்படியாகிய "லெட் இட் ஃப்ளோ", ஃபிலடெல்ஃபியாவின் கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்குக்கு உரிமையாக்கப்பட்டது. "டாக்டர் ஜே" என்று மக்கள் அழைத்த அவ்வீரர், வானில் எழும்பியபின் இறங்க மறந்தவர் போலத் தோன்றுவார் என்பது அவர் ஆட்டத்தைக் கண்டார் கூற்று. வாஷிங்டன் அக்குழுவின் பேரன்பர். அதன் ஆட்டங்களின் தொடக்கத்தில் நாட்டுப்பண் வாசித்தவர். மூன்றாவதாகிய "இன் த நேம் ஆஃப் லவ்" நமக்கு அத்துணைச் சுவைக்கவில்லை. பாட்டுக்கென்று எழுந்த மெட்டு, சொல்லில்லாமையால் குறையுற்று நிற்பது போலிருக்கிறது. 1984இல் மக்டானல்டு தம் தட்டொன்றில் இதனைச் சொற்களோடு பாடச்செய்தார் என்பதை அறியும்போது, நம் ஐயம் வலுப்படுகிறது. நான்காவது "டேக் மீ தேர்". வாஷிங்டன் தாமே இயற்றியது. பொறுமையாகக் கேட்பார்க்கு உரியது.

ஐந்தாவது உருப்படியில் சற்று அதிகமாய்த் தங்குவோம். "ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்" என்பது அதன் பெயர். மக்டானல்டும் வில்லியம் சால்டரும் அதனை இயற்றி, பாடுவதற்குப் பில் விதர்ஸை அணுகினர். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரொன்றிற் பிறந்த விதர்ஸ் (1938 - 2020), சொற்களின் விஷயத்தில் எளிதில் இணங்காதவர். சொற்களைத் தாம் திருத்த இடங்கொடுத்தாலன்றிப் பாடுவதற்கில்லை என்றார்; இடங்கொடுத்தனர். ஆதலின் அப்பாட்டின் ஆசிரியர் மூவராயினர். மழைத்துளியில் தொடங்கும் எளிய காதற்பாட்டு அது. விதர்ஸின் குரலோ உருகிக் கரையும் குரலன்று. வேலை முடித்து வீடுதிரும்பியவன் திண்ணையில் இருந்து பேசும் குரல். அக்குரலை நடுவே வைத்தமையால் பாட்டு இனிப்பு மிகாமல் தப்பிற்று.

இப்பாட்டின் அடியில் ஓடும் சுரக்கூட்டுகளின் வரிசை உலகப் புகழ் பெற்றது. ஜப்பான் நாட்டில் இப்பாட்டின் பெயராலேயே அவ்வரிசையைச் சுட்டும் வழக்கும் உண்டு. அதன் நுட்பத்தைச் சுருக்கமாய்க் கூறுவோம். அடிச்சுரம் முதலில் டி-பிளாட், அதிலிருந்து அரைச்சுரம் இறங்கிச் சி, அங்கிருந்து எஃப். எஃப் என்பதே பாட்டின் ஆதாரம். சி-யின்மேல் அமைந்த கூட்டில் இ என்னும் சுரம் இருக்கிறது. எஃப்-ஐ ஷட்ஜமாகக் கொள்வோமாயின், இ என்பது காகலி நிஷாதம். ஆதாரத்தின் வாயிலிற் கைவைத்து, உள்ளே புகத் துடிக்கும் சுரம் அஃதென்பதை நம்மவர் அறிவர். எஃப்-இன் சோகக் கூட்டை அடைந்ததும் மனம் வீடு சேர்ந்ததென்று எண்ணுகிறது. ஆனால் அங்கே தங்கவிடார். அடிச்சுரம் உடனே இ-பிளாட்டுக்கு இறங்கி, அங்கிருந்து ஏ-பிளாட்டுக்குத் தாவி, ஏ-பிளாட்டிலிருந்து தொடங்கிய டி-பிளாட்டுக்கே மீண்டும் தாவுகிறது. இத்தாவல்கள் ஷட்ஜமத்தினின்று சுத்த மத்தியமத்துக்குத் தாவுவதை ஒத்தவை. ஒன்று மற்றொன்றை இயல்பாகவே இழுப்பவை. ஆகவே வட்டம் எங்கும் முடிவதில்லை. வீடு சேர்ந்த கணமே புறப்பாடாகிறது. பாட்டின் சொல்லில் இன்பமும், சுரத்தின் போக்கில் ஓர் அமைதியின்மையும் ஒருங்கே இருத்தலால், நூறுமுறை கேட்டவரும் சலிப்பதில்லை. இதனை எளிய இசை என்பார், எளிமை எவ்வாறு கட்டப்பட்டதென்று எண்ணிப் பார்த்தல் நலம்.

பாட்டின் இடையே ஸ்டீல் பான் என்னும் வாத்தியம் ஒலிக்கிறது. எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தகட்டைச் சம்மட்டியால் குழித்து, இடத்துக்கொரு சுரமாக அமைத்து, ட்ரினிடாட்டின் ஏழை மக்கள் 1930, 1940ஆம் ஆண்டுகளில் உருவாக்கியது அது. வாசித்தவர் அத்தீவினராகிய ராபர்ட் கிரினிட்ஜ். சாக்ஸபோனும் தன் முறை வரும்போது விரிந்து பேசுகிறது. தட்டில் இவ்வுருப்படி ஏழு நிமிஷத்துக்கு மேற்பட்டது. வானொலிக்கென வெளியிட்ட சிறு தட்டிலோ நான்கு நிமிஷத்துக்கும் உட்பட்டது. வெட்டுண்டது பெரும்பாலும் வாத்திய வாசிப்பே! வாஷிங்டன் பெயரால் 1981இல் அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறிய பாட்டில், வாஷிங்டனையே மிகக் குறைத்துவிட்டனர் என்று கூறுவது தவறாகாது. வணிகர் கத்தரிக்கோல் எங்கு முதலிற் செல்லும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

கடைசி உருப்படி "மேக் மீ எ மெமரி". "துயர ஸாம்பா" என்று பொருள்படும் துணைப்பெயரும் அதற்கு உண்டு. ஸாம்பா என்பது பிரேஸில் நாட்டுத் திருவிழாத் தாளம். அத்தாளத்தின்மேல் துயரை ஏற்றியிருக்கிறார் வாஷிங்டன். தட்டிலுள்ளவற்றுள் இதனையே நாம் மிக உயர்த்திக் கொள்வோம். ஐந்தாம் உருப்படியின் புகழொளியில் இது கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

1982இல் வழங்கப்பட்ட கிராமி பரிசில்களில் இரண்டு இத்தட்டைச் சார்ந்தன: ஒன்று தட்டுக்கு, ஜாஸ் கலப்பிசைப் பிரிவில், மற்றொன்று "ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்" இயற்றிய மூவர்க்கும். பொதுப் பட்டியலில் தட்டு 5ஆம் இடத்தை அடைந்தது. ஆயினும் ஜாஸ் விமரிசகர் பலர் இவ்வகை இசையில் மனங்கொள்ளவில்லை. ஜாஸின் உயிர் அபாயத்தில் உள்ளது. அடுத்த கணம் யாது நிகழுமென்று வாசிப்பவனுக்கே தெரியாத நிலையில் உள்ளது. இங்கோ யாவும் முன்னரே மெருகிடப்பட்டுவிட்டன என்பது அவர் கொள்கை. இதனை வெறும் பொறாமையென்று தள்ளிவிடுதல் தகாது. இத்தட்டின் சில இடங்களில், முக்கியமாக முதற்பக்கத்தின் இறுதியில், அக்குற்றச்சாட்டு பொருந்தவே செய்கிறது. ஆனால் அபாயமென்பது உரத்த குரலிலும் விரைந்த விரலிலும் மட்டுமே உண்டென்று கொள்ளுதல் குறுகிய நோக்கு. குறைந்த சுரங்களால், மெல்லிய குரலில், கேட்பவன் எழுந்து போகாதபடி ஏழு நிமிஷம் பிடித்துவைத்தலும் அபாயமான வேலையே. தவறின் மறைவதற்கு இடமில்லை. வாஷிங்டனுக்கு மற்றைய வழி தெரியாதென்பாரும் இல்லாமலில்லை. அவர் 1988இல் வெளியிட்ட "தென் அண்ட் நௌ" என்னும் தட்டில் ரான் கார்ட்டர், ஹெர்பி ஹான்காக், டாமி ஃப்ளானகன் ஆகிய பெருவித்துவான்களோடு பழைய ஜாஸ் முறையிலேயே வாசித்திருக்கிறார்; கேட்டு முடிவு செய்க.

இவ்விசை எவ்வாறு பரவியது என்பதிலும் கல்லூரி மாணவர் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. வாஷிங்டன் நகரில், கறுப்பின மக்களின் கல்விக்குப் பெயர்பெற்ற ஹவர்ட் பல்கலைக்கழகத்துக்கு உரிய வானொலி நிலையத்தில், மெல்வின் லிண்ட்சி என்னும் மாணவர் 1976இல் இரவு நிகழ்ச்சியொன்றைத் தொடங்கினார். உருக்கமான மெல்லிய பாட்டுக்களை இடையறாது ஒலிபரப்பிய அந்நிகழ்ச்சி "அமைதிப் புயல்" என்று பொருள்படும் பெயரோடு நாடெங்கும் பின்பற்றப்பட்டது. "வைன்லைட்" போன்ற தட்டுக்களுக்கு அவ்விரவு நேரங்கள் ஏற்ற நிலமாய் அமைந்தன. 1987இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் சிகாகோவிலும் முழுநேரமும் இவ்வகையிசையையே ஒலிபரப்பும் நிலையங்கள் தோன்றின. அதன்பின் ஸ்மூத் ஜாஸ் என்பது இசைப்பெயரினும் வணிகப்பெயராகவே பெரிதும் வளர்ந்தது. வாஷிங்டனைப் பின்பற்றினோர் பலர் மென்மையை எடுத்துக்கொண்டு, ஆலயத்தையும் ப்ளூஸையும் விட்டுவிட்டனர். தரை இருந்தது, நடப்பவரைக் காணோம். நியூயார்க்கின் நிலையம் 2008இலும், சிகாகோவின் நிலையம் 2009இலும் இவ்விசையைக் கைவிட்டன. பாட்டு மட்டும் வேறு வழிகளில் நிலைத்தது: வில் ஸ்மித் 1997இல் வெளியிட்ட தட்டில், ஒரு தந்தை தம் மகனுக்குச் சொல்லும் சொற்களாக அதே மெட்டு மீண்டும் ஒலித்தது.

1999 டிசம்பர் 17ஆம் நாள், நியூயார்க் நகரில், தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் பொருட்டு நான்கு உருப்படிகளை வாசித்துப் பதிவுசெய்து முடித்து, ஓய்வறையில் இருந்தபோது வாஷிங்டன் மாரடைப்பால் வீழ்ந்து, அன்றே காலமானார். அவருக்கு வயது 56. பிறந்தநாள் கழிந்து ஐந்து நாளே ஆகியிருந்தது. அவர் ஏற்கெனவே பதிவுசெய்திருந்த மேனாட்டு நாடகப்பாட்டுக்கள் "ஆரியா" என்னும் பெயரோடு 2000இல் வெளிவந்தன. ஃபிலடெல்ஃபியாவில் அவர் பெயரால் ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடம் அமைந்தது.